டர்போ போன டீசல் எஞ்சினில் புதியதை மாட்டினால் மட்டும் போதுமா?

"டர்போ உடைந்துவிட்டது. புதியது மாட்டினால் வண்டி ஓடிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அதன் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். ஆகவே பெரும்பாலும் டர்போ தானாகச் சாவதில்லை. ஆயில் கிடைக்காமலோ அழுக்கு ஆயிலாலோ சாகிறது. அந்தக் காரணத்தை எஞ்சினுக்குள் விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் போகும்.

முதலில் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையைப் பாருங்கள். கரி அடைத்திருக்கலாம். டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைக் கழுவுவதைவிட மாற்றுவதே நல்லது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தாலும் ஆயிலில் கரி சேரும். பல மெக்கானிக்குகள் இதைப் பார்ப்பதே இல்லை.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சுத்தம் செய்ய மறக்காதீர்கள். உடைந்த டர்போ கக்கிய ஆயிலும் உலோகத் துணுக்குகளும் அதில் தங்கியிருக்கும். அந்த ஆயிலை உறிஞ்சினால் எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். நேரில் பார்த்தால் குலை நடுங்கும்.

ஆயில் குழாய் இணைப்புகளில் சிலிக்கான் பசை வேண்டாம். பிதுங்கி வழியை அடைக்கும். புது டர்போவின் ஆயில் துளையில் சிறிது ஆயில் ஊற்றி, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டார்ட்டரால் சுற்றி, அழுத்தம் வந்த பிறகே கிளப்புங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள்.