அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆறு நோட்டுகள்

கேள்வி: எனக்கு வயது 51. வடசென்னை எர்ணாவூரில் இரண்டு அறை வீடு. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா, கூலி வாங்கும் நாளில் மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய புத்தகம் ஒன்றாவது வாங்கி வருவார். அப்படித் தொற்றிய வாசிப்பு இன்னும் விடவில்லை. முன்னூறு புத்தகம் வரை சேர்த்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்ததெல்லாம் போய்விட்டது. பரண்மேல் இருந்த நூற்றைம்பதுதான் மிச்சம். தை மாதம் மகனுக்குத் திருமணம். மருமகள் வருவதற்குள் ‘இந்தக் குப்பையைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடு’ என்கிறார் கணவர். மகனும் அதையே சொல்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. பதினோரு வருடமாக, எல்லோரும் தூங்கிய பிறகு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு நோட்டுகள். அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். வெள்ளத்தன்று குடும்ப அட்டையோடு சேர்த்து அவற்றையும் மஞ்சள் பையில் போட்டு மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏதோ வீட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டார் கணவர். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? புத்தகங்களைப் போட்டுவிடட்டுமா? ஒரு பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். – ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: அன்புச் சகோதரி, பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

உங்கள் கடிதத்தை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். முன்னூறு புத்தகம் நூற்றைம்பது ஆன கதையைவிட, அந்த மஞ்சள் பைதான் என்னைத் தூங்க விடவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில், எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லாத நேரத்தில், உங்கள் கை குடும்ப அட்டையை எடுத்தது. அடுத்து நோட்டுகளை எடுத்தது. ‘இதெல்லாம் தேவையா’ என்று என்னைக் கேட்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் கை யாரையும் கேட்கவில்லையே, அம்மா.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் புத்தகத்துக்கு எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் பிசுபிசுத்த கறுப்பைத் தேய்த்துக் கழுவியவர்கள் எல்லோருக்கும் வீட்டில் பொருள் சேர்வதைப் பார்த்தாலே ஒரு பயம் வந்துவிட்டிருக்கிறது. அடுத்த மழையில் இதையெல்லாம் யார் தூக்குவது என்ற பயம். அதற்கு மேல் கல்யாணச் செலவு, புதுப்பெண்ணுக்கு இடம், அவள் வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ‘குப்பை’ என்ற சொல் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சொல்லோடு சண்டைக்குப் போகாதீர்கள். இடத்தைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம். அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நூற்றைம்பதையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு பேர் வாழப்போகிற இரண்டு அறை வீடு அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ‘இதை மறுபடி திறப்பேனா’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைப் பார்க்க வேண்டாம், எழுதியவரின் புகழையும் பார்க்க வேண்டாம். அப்பா வாங்கி வந்தவை எல்லாம் கேள்வியே இல்லாமல் தனியாக இருக்கட்டும். என் கணக்கில் ஐம்பது, அறுபது தேறும். அது ஒரு அலமாரித் தட்டு. சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்தால் மருமகளின் பெட்டிக்கு ஓர் அங்குல இடம்கூடக் குறையாது.

மற்றவை போகட்டும், ஆனால் வாசிக்கிற கைக்குப் போகட்டும். பழைய பேப்பர் கடையில் கெட்டி அட்டையைக் கிழித்து ஒரு பக்கம் எறிந்துவிட்டு, உள்தாளைத் தராசில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கிழிபடும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. உங்கள் தெருவிலேயே டியூஷன் எடுக்கும் பெண் இருப்பாள், கோடை விடுமுறையில் என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்துக் கிளை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அதற்கும் மிஞ்சினால் மூர் மார்க்கெட் இருக்கிறது. பழைய கட்டடம் 1985 தீயில் போய்விட்டாலும் வியாபாரம் நிற்கவில்லை. சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இன்றும் பழைய புத்தகம் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். உங்கள் அப்பா எங்கிருந்து கொண்டு வந்தாரோ அங்கேயே சில புத்தகங்கள் திரும்பிப் போகும். அதில் ஒன்றை வேறொரு அப்பா வாங்கிக்கொண்டு போகலாம்.

வைத்துக்கொள்பவற்றுக்குக் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். உங்கள் பக்கம் கடற்காற்று. தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பலகையில் அடுக்கும்போது சுவரை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பூக்கும். நம் பாட்டிமார் வைத்த வசம்புத் துண்டு, தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு நல்ல காவல். எண்ணெய்க் கறை பட்ட புத்தகம் ஏதாவது மிச்சமிருந்தால் தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள், பக்கத்துப் புத்தகத்துக்கும் கறை ஏறும். மழையில் ஏதாவது நனைந்துவிட்டால் உடனே வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்து முதுகு விட்டுப்போகும். நிழலில் நிறுத்தி, பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, அது நனைய நனைய மாற்றிக்கொண்டே, மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். முதல் இரண்டு நாள் முக்கியம். அதற்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும்.

இனி நோட்டுகள். இங்கே உங்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. அடுத்தவர்கள் எழுதியதையெல்லாம் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை மட்டும் தரையில், எலி ஓடும் இடத்தில், தண்ணீர் முதலில் வந்து தொடும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த அறுபது புத்தகங்களும் தொலைந்தால் எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கும். அந்த ஆறு நோட்டுகளுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு அவற்றை மேலே ஏற்றுங்கள். மைப் பேனாவில் எழுதுகிறீர்கள் என்றால் பால் பாயிண்ட் பேனாவுக்கு மாறுங்கள். மை தண்ணீரில் கரைந்து ஓடிவிடும், இது அவ்வளவு எளிதில் ஓடாது. ஒவ்வொரு இரவும் எழுதத் தொடங்கும்போது தேதி போடுங்கள்.

மறைத்து வைப்பதையும் நிறுத்துங்கள். மறைத்து வைத்த பொருள் ஒரு நாள் வெளியே வரும்போது, அதில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். ஏன் மறைத்தாய் என்றுதான் கேட்பார்கள். மருமகள் வந்து அடுக்களையைத் துடைக்கும்போது அவள் கையில் அகப்படுவதைவிட நீங்களே சொல்வது மேல். அனுமதி கேட்பதுபோல் சொல்லாதீர்கள். ‘நான் எழுதுகிறேன், கேட்கிறாயா’ என்று மகனிடம் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். வெள்ளத்தைப் பற்றிய பக்கமாகவே இருக்கட்டும். அவனும் அந்தத் தண்ணீரில் நின்றவன்தானே.

வாசித்துக் காட்டுவதை நான் வெறும் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போனதில்லை. ஐந்து வயதில் திருமணம் ஆனவர். முதலில் கதையை வாயால் சொன்னார். தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அப்படி வந்ததுதான் 1924இல் வெளியான ‘இந்திர மோகனா’ நாடகம். அடுத்த வருடமே ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கிவிட்டார். பின்னால் 115 நாவல்கள். கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தால் எழுத்துக்குக் கால் முளைத்துவிடும். உங்களுக்கோ எழுத இன்னொருவர் தேவையில்லை. கேட்க ஒருவர் போதும். அது மகனாக இருக்கலாம். யார் கண்டது, வரப்போகும் மருமகளாகவும் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய பக்கத்துக்கு வருகிறேன். ‘தண்ணீர் வரும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. ஸ்டவ்வில் எண்ணெய் ஒழுகுகிறது என்று நினைத்து எழுந்து போய்த் திரியைத் தொட்டுப் பார்த்தேன்’ என்று தொடங்குகிறீர்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி எத்தனையோ செய்திகள் படித்துவிட்டேன், படங்கள் பார்த்துவிட்டேன். இருட்டில் ஒரு பெண் எழுந்து காய்ந்த திரியைத் தொட்டுப் பார்த்ததை யாரும் எழுதவில்லை. அதை எழுத அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது, இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். அந்தத் திரியை மட்டும் எந்தத் திருத்தத்திலும் எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தப் பக்கம் மாடிப்படியின் நான்காவது படியோடு நின்றுவிடுகிறது. கையில் மஞ்சள் பை, கீழே எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிடும் குரல். அவரை யார் தூக்கி வந்தார்கள்? அடுத்த பக்கத்தை அனுப்புங்கள், சகோதரி. காத்திருக்கிறேன்.