எழுத்துக்கு முன் பேச்சு: மழலையரின் சொல்வளமும் வாசிப்பும் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. அ முதல் ஃ வரை தடையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் புத்தகத்தில் 'எ' என்ற எழுத்தைத் தனியாகக் காட்டினால் அவளுக்குத் தெரியவில்லை. தினமும் எழுதவைத்துப் பழக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவள் ஒப்பிப்பது ஓர் ஒலிவரிசை. அந்த ஒலிகளுக்கும் தாளில் உள்ள வடிவங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. மூன்றரை வயதில் இது முற்றிலும் இயல்பு. எழுத வற்புறுத்தினால் விரல்கள் களைத்துப்போவதும் எழுத்தின் மீது வெறுப்பு ஏற்படுவதும்தான் மிஞ்சும்.

இப்போது அவளுக்குத் தேவைப்படுவது, பேசும் சொற்கள் சிறு ஒலிகளால் ஆனவை என்ற உணர்வு. 'மரம்' என்றதும் குழந்தையின் மனத்தில் மரம்தான் தோன்றும், அந்தச் சொல்லின் ஓசை தோன்றாது. பொருளிலிருந்து சற்று விலகி ஓசையைக் கவனிக்கப் பழக்குவதற்கு எழுதுகோல் தேவையே இல்லை. பட்டம், வட்டம், கட்டம் என்று ஒரேபோல் முடியும் சொற்களைத் தேடுங்கள். 'கு-தி-ரை' என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை கைதட்டிப் பிரியுங்கள். 'ப' என்று தொடங்கும் பொருள்களை வீட்டுக்குள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சொல்லைப் பெரிய துண்டுகளாகப் பிரிப்பது முதலிலும், தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பது வெகு பின்னரும் கைவரும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முயல வேண்டாம். தமிழில் ஓர் உயிர்மெய் எழுத்தே பெரும்பாலும் இத்தகைய ஒரு துண்டைக் குறிப்பதால், கைதட்டி விளையாடும் குழந்தை தன்னை அறியாமலேயே எழுத்துக்கு நெருங்கி வருகிறது.

எழுத்துகளை அறிமுகம் செய்ய விரும்பினால் அவள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்குங்கள். குழந்தைகள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் அடையாளம் காண்கிறார்கள். மொத்தம் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் பழகிவிட்டால், 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை துணைக்குறிகளைச் சேர்ப்பதால் உருவாகின்றன. கு, சு, டு போன்ற உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் தனியே பழக வேண்டியவை. இவை அனைத்தும் பள்ளி வயதுக்கான வேலை.

கேள்வி: நான்கு வயது மகன் ஒவ்வோர் இரவும் ஒரே கதையைத்தான் கேட்கிறான். புதிய புத்தகங்களைத் தொடவே மறுக்கிறான். இதனால் அவனுடைய சொல்வளம் குறைந்துவிடாதா?

பதில்: குறையாது. மூன்று வயதுக் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய சொற்களைப் பல வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட, ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். இரு தரப்பினரும் அச்சொற்களைச் சம எண்ணிக்கையில்தான் கேட்டிருந்தார்கள். முதல் முறை கேட்கும்போது கதை எப்படிப் போகிறது என்பதிலேயே குழந்தையின் கவனம் முழுவதும் செலவாகிறது. கதை தெரிந்த பிறகுதான் 'தயங்கினான்', 'நெருங்கினான்' போன்ற அன்றாடப் பேச்சில் அதிகம் வராத சொற்களைக் கவனிக்க அதற்கு ஓய்வு கிடைக்கிறது. குழந்தைகளுக்கான புத்தகங்களில், பெரியவர்களின் சாதாரண உரையாடலில் வருவதைவிட அதிகமான அரிய சொற்கள் இருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக வாசிக்காதீர்கள். கேள்வி கேட்டு, குழந்தையின் பதிலை விரித்துச் சொல்லி வாசிக்கும் முறையைப் பற்றி குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் வாசித்த வீடுகளின் குழந்தைகளைவிட இம்முறையில் வாசித்த வீடுகளின் குழந்தைகள், ஒரு மாதப் பயிற்சிக்குள்ளாகவே பேச்சுத் திறனில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். செய்வது எளிது. "இது என்ன?" என்று கேட்பதைக் குறைத்து, "இவன் ஏன் ஒளிந்துகொண்டான்?" என்று கேளுங்கள். "நாய் ஓடுது" என்று மகன் சொன்னால், "ஆமாம், மழையில் நனையாமல் இருக்க அந்தக் குட்டி நாய் வேகமாக ஓடுது" என்று அவன் வாக்கியத்தையே வளர்த்துத் திருப்பிக் கொடுங்கள். பதில் வரச் சில நொடிகள் ஆகலாம். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் பெற்றோருக்குக் கடினம், அதுவே மிகவும் தேவையானதும்கூட. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை தேர்வாக மாறிவிடும் என்பதால், ஒரு கதைக்கு மூன்று நான்கு கேள்விகள் போதும்.

கேள்வி: இரண்டரை வயதுப் பேரன் பத்துப் பன்னிரண்டு சொற்களே பேசுகிறான். "தானாக வந்துவிடும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். இரண்டு வயது நிறையும்போது ஏறத்தாழ 50 சொற்களும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான அளவுகோல். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறையக்கூடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. அடுத்து, பேச்சு மொழி நிபுணரிடம் காட்டுங்கள். தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பின்னர் ஈடுசெய்துவிடுவது உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தை ஈடுசெய்யும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே பேசிய சொற்களை ஒரு குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: புத்தகத்தில் 'சென்றான்' என்று இருக்கிறது, வீட்டில் நாங்கள் 'போனான்' என்கிறோம். வாசிக்கும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: முதன்முறை படங்களைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லுங்கள். கதை பழகியதும், அச்சில் உள்ளபடியே விரலை ஓட்டி வாசியுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வீட்டு மொழிக்கு வாருங்கள். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எழுத்துகளை ஒலியாக மாற்றும் திறன், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்று கஃப், டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் 1986-இல் விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். எழுத்துத் தமிழின் சொற்களையும் விகுதிகளையும் காதால் கேட்டே அறியாத குழந்தை, முதல் வகுப்பில் 'செ-ன்-றா-ன்' என்று சரியாகக் கூட்டி வாசித்த பின்னும், தான் வாசித்தது என்னவென்று புரியாமல் விழிக்க நேரும். ஐந்து வயதுக்குள் நூறு கதைகளைக் கேட்ட செவிக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இராது.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழிகள் பேசுகிறோம். மகள் கலந்து பேசுகிறாள். ஒன்றை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி அன்று. அவளுடைய சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். எந்த மொழியில் உங்களால் தங்குதடையின்றிக் கதை சொல்லவும் கோபத்தையும் அன்பையும் விளக்கவும் முடியுமோ, அந்த மொழியிலேயே அவளிடம் பேசுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் வரும் கற்றல் காணொளிகளால் சொற்கள் பெருகுமா?

பதில்: இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. பெட்ரீசியா கூல் குழுவினரின் 2003-ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பழகிய ஒருவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியில் கண்டவர்கள் கற்கவில்லை. குழந்தை பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்து, அது எழுப்பும் ஒலிக்கு ஏற்பப் பதில் சொல்லப் பதிவுசெய்யப்பட்ட திரையால் இயலாது. நான்கு வயதுக் குழந்தைக்கு எப்போதாவது ஒரு காணொளியைக் காட்டினால், உடன் அமர்ந்து பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: எனக்குச் சரளமாக வாசிக்கத் தெரியாது. என் குழந்தைக்கு நான் எப்படி உதவுவது?

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் கிடைக்கின்றன. அவற்றை நீங்களும் குழந்தையும் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சொல்லலாம். துணி மடிக்கும்போது தடித்தது, மெல்லியது, ஈரமானது, சுருங்கியது என்று பேசுங்கள். நேற்று நடந்ததையும் நாளை செய்யப்போவதையும் பேசுங்கள், ஏனெனில் கண்முன் இல்லாதவற்றைப் பற்றிய பேச்சுதான் பின்னாளில் வாசிப்புக்கு மிகவும் உதவும். உங்களுக்குத் தெரிந்த கதைகள், விடுகதைகள், பாட்டுகள் அனைத்தும் இதற்குப் பயன்படும். எழுத்துள்ள புத்தகத்தை வாசித்துக்காட்ட வாரம் ஒருமுறை உறவினர் ஒருவரையோ நூலகத்தில் நடக்கும் கதை நேரத்தையோ நாடுங்கள். அப்போது நீங்களும் உடன் அமர்ந்து கேட்டால், அதே புத்தகத்தின் படங்களைக் காட்டி வீட்டில் அந்தக் கதையை நீங்களே திரும்பச் சொல்ல முடியும்.