மின்சக்திப் பொறியாளராகத் தயாராவது எப்படி? எந்த மென்பொருளில் சான்றிதழ் வாங்க வேண்டும்?

மின்னியல் இறுதியாண்டு படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: மின்சக்தித் துறையில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது ஆசை, மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில், "டெல்டா-ஸ்டார் மின்மாற்றியின் ஸ்டார் பக்கத்தில் ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டால், டெல்டா பக்கத்து எர்த் ஃபால்ட் ரிலே இயங்குமா?" என்று கேட்டதும் வாயடைத்துப் போய்விட்டீர்கள். எந்த மென்பொருளில் சான்றிதழ் வாங்கினால் இந்தக் குறை தீரும்?

சான்றிதழைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த நேர்முகக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். (ரிலே என்பது பழுதைக் கண்டு, மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு உத்தரவிடும் கருவி. டெல்டா என்றால் மூன்று சுருள்களையும் முக்கோணமாக இணைப்பது; ஸ்டார் என்றால் அவற்றின் ஒரு முனையை ஒரே புள்ளியில் சேர்ப்பது.) உங்களுக்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கல்லூரியில் நாம் மின்மாற்றியை நல்ல நிலையில்தான் சந்திக்கிறோம். மூன்று ஃபேஸும் சமம், சுமை சீர், செயல்திறன் இத்தனை விழுக்காடு என்று கணக்கு முடிந்துவிடும். வேலைக்கு வந்த பிறகு அதே மின்மாற்றியைப் பற்றி நம்மிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் கோளாறைப் பற்றிய கேள்விகள். எங்கே ஷார்ட் ஆனால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? எந்த பிரேக்கர் முதலில் திறக்க வேண்டும்? அது திறக்கத் தவறினால் அடுத்தது எது, எத்தனை மில்லி நொடியில்? பதினெட்டு ஆண்டுகளாக ரிலே பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். பழுதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையின் மற்றப் பாடங்கள் தாமாகவே வசப்படுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியையே அப்படி ஓட்டிப் பாருங்கள். ஸ்டார் பக்கத்தில் ஒரு ஃபேஸ் தரையைத் தொடுகிறது. ஸ்டார் புள்ளி எர்த் செய்யப்பட்டிருப்பதால் மின்னோட்டம் பழுதின் வழியே தரைக்கு இறங்கி, நியூட்ரலில் ஏறி, கிளம்பிய சுருளுக்கே திரும்புகிறது. ஆக, ஸ்டார் பக்கத்தில் ஒரே ஒரு சுருளில்தான் பழுது மின்னோட்டம். அதை ஈடுகட்ட, அதே காலில் சுற்றியிருக்கும் டெல்டா சுருளில் மட்டும் மின்னோட்டம் பாய வேண்டும். டெல்டாவின் ஒவ்வொரு சுருளும் இரண்டு லைன்களுக்கு இடையில் இணைந்திருக்கிறது. அதனால் ஒரு லைனில் உள்ளே வந்தது இன்னொரு லைனில் அப்படியே வெளியே போய்விடுகிறது. மூன்று லைன்களையும் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். எர்த் ஃபால்ட் ரிலே பார்ப்பது அந்தக் கூட்டுத்தொகையைத்தான், எனவே அது இயங்காது. ஓவர்கரண்ட் ரிலேவுக்குப் பழுது தெரியும், ஆனால் குறைத்துத் தெரியும்: அதே அளவு மின்னோட்டம் மூன்று ஃபேஸ் பழுதில் பாய்ந்திருந்தால் டெல்டா லைனில் என்ன தெரியுமோ, அதில் 58 விழுக்காடுதான் இப்போது தெரியும். அந்த ரிலேவின் அமைப்பைப் போடுகிறவர் இதை மறந்தால், ஸ்டார் பக்கத்துப் பழுது வேண்டிய நேரத்துக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு சமன்பாடுகூட இல்லாமல் விடை வந்துவிட்டது. 1918இல் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ எழுதிய சமச்சீர்க் கூறுகள் முறை இதே விடையைக் கணக்காகத் தருகிறது. அந்த முறையைக் கல்லூரியில் சூத்திரமாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது திரும்பிப் போய், ஜீரோ சீக்வென்ஸ் (மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில் பாயும் கூறு) வலைப்பின்னலில் டெல்டா பக்கம் ஏன் திறந்திருப்பதாக வரைகிறார்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன கதைதான் அந்தப் படம்.

அடுத்து, எண்களோடு பழக வேண்டும். 1,000 கேவிஏ, 400 வோல்ட் வெளியீடு, 5 விழுக்காடு இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு மின்மாற்றி காட்டும் உள் எதிர்ப்பு) உள்ள ஒரு மின்மாற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் அது தரும் மின்னோட்டம் சுமார் 1,443 ஆம்பியர். முனையிலேயே ஷார்ட் ஆனால், மேலிருக்கும் கட்டமைப்பின் தடையைக் கணக்கில் விட்டுவிட்டால், அதை 0.05ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 28,900 ஆம்பியர். இருபது மடங்கு. கம்பிகளுக்கு இடையே எழும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது நானூறு மடங்கு. அங்கே 25 கிலோ ஆம்பியர் திறனுள்ள பிரேக்கரை வாங்கி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், காகிதமே இல்லாமல் "கூடாது" என்று சொல்ல உங்களுக்கு வந்துவிட வேண்டும். நான் புதிதாக வருபவர்களிடம் முதல் மாதம் முழுவதும் இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்: கண்ணில் படும் ஒவ்வொரு மின்மாற்றியின் பெயர்ப்பலகையையும் படித்து, பழுது மின்னோட்டத்தை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். பெயர்ப்பலகையில் அந்த இம்பீடன்ஸ் விழுக்காடு பொறிக்கப்பட்டிருப்பது அதற்காகவும்தான்.

இனி, நான் செய்த தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு 33/11 கேவி மின்மாற்றியின் டிஃபரன்ஷியல் ரிலேவை (இரண்டு பக்கத்து மின்னோட்டங்களையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் இயங்குவது) சோதித்து ஒப்படைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ரிலேவுக்குள் சோதனைக் கருவியால் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. மின்மாற்றியைச் சுமையில்லாமல் சார்ஜ் செய்தோம். அதுவும் சரி. அங்கிருந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர், "தம்பி, சுமை ஏறியதும் இரண்டு பக்கத்து சிடி மின்னோட்டத்தையும் திசையோடு பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். சிடி என்பது பெரிய மின்னோட்டத்தை ரிலேவுக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கருவி. நேரமாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மாலையில் சுமை ஏற ஆரம்பித்தது. முழுச் சுமையில் பத்தில் ஒரு பங்கை எட்டியதுமே மின்மாற்றி டிரிப் ஆனது. உள்ளே பழுது இருக்கிறதோ என்று பயந்து இரவு முழுவதும் எண்ணெயையும் இன்சுலேஷனையும் சோதித்தோம். காலையில்தான் தெரிந்தது: 11 கேவி பக்கத்து சிடிக்களின் இரண்டாம் சுற்று முனைகள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. கழிபட்டுப் பூஜ்யமாக வேண்டிய இரண்டு மின்னோட்டங்கள் கூடி இரட்டிப்பாகிக்கொண்டிருந்தன. ரிலே தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. அந்தத் தொழில்நுட்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிடி பெட்டியைத் திறந்து, முனைகளை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். சிடியின் இரண்டாம் சுற்றைச் சுமையின்போது ஒருபோதும் திறந்துவிடக் கூடாது, திறந்தால் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் அங்கே எழும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதை விரல்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அதனால் முதல் வேலையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. உற்பத்தி, கடத்தல், விநியோகம், கட்டுப்பாட்டு அறை, வடிவமைப்பு, கருவி தயாரிப்பு என்று கிளைகள் பல. எது கிடைத்தாலும் சரி, ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பகுதியையாவது கமிஷனிங் பணியில் கழியுங்கள். புதிய கருவிகளைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் அந்தக் கட்டத்தில்தான் வரைபடமும் கம்பியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஒற்றைக் கோட்டு வரைபடத்தில் 50, 51, 87, 21 என்று எண்கள் மட்டும் இருக்கும். உடனடி ஓவர்கரண்ட், தாமத ஓவர்கரண்ட், டிஃபரன்ஷியல், தொலைவு ரிலே என்று அவற்றின் பெயர்கள் தெரிவதோடு, ஒவ்வொன்றின் கம்பியும் எந்த சிடியிலிருந்து வந்து எந்த பிரேக்கரின் டிரிப் சுருளுக்குப் போகிறது என்று விரல் வைத்துத் தொடரத் தெரிந்தால், பிறகு எந்த அலுவலக வேலைக்குப் போனாலும் அது கூடவே வரும்.

வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய பெரிய பயிற்சி ஒன்று உண்டு, அதை மிகச் சிலரே செய்கிறார்கள். பெரும் மின்தடைகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படியுங்கள். 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். இரு நாட்டுக் கூட்டுக் குழு 2004 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை பொதுவெளியில் கிடைக்கிறது. ஒஹையோவில் முதலில் விழுந்த 345 கேவி லைன்களில் ஒன்று, தன் திறனில் பாதியைக்கூடச் சுமக்காத நிலையில் கீழே வளர்ந்திருந்த மரத்தைத் தொட்டு டிரிப் ஆனது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்து போயிருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு நிலைமை தெரியவில்லை. பிறகு வந்ததுதான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். ஸாமிஸ்-ஸ்டார் என்ற லைனில் பழுதே இல்லை. ஆனால் மற்ற லைன்கள் போனதால் அதில் மின்னோட்டம் ஏறியிருந்தது, மின்னழுத்தம் இறங்கியிருந்தது. தொலைவு ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும் கருவி. வகுத்து வந்த எண் சிறியதாக இருந்ததால், தூரத்தில் எங்கோ பழுது என்று எடுத்துக்கொண்டு அது லைனைத் திறந்துவிட்டது. அதன் பிறகு சரிவை யாராலும் நிறுத்த முடியவில்லை. தேர்வில் வட்டமாக வரைந்து மதிப்பெண் வாங்கிய மோ ரிலேவின் (ஒருவகைத் தொலைவு ரிலே) மூன்றாம் மண்டலம், அதாவது தூரத்துப் பழுதுகளுக்குக் காவலாக வைக்கும் எல்லை, இதுதான். இந்த ஒரு சம்பவத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தில் கற்றது ஒரு பருவப் பாடத்துக்கு மேல்.

அதோடு 2019 ஆகஸ்டு 9 அன்று பிரிட்டனில் நடந்ததையும் படியுங்கள். ஒரு லைனில் மின்னல் விழுந்தது. அது வழக்கமானதுதான், லைனும் உடனே மீண்டுவிட்டது. ஆனால் அதே நேரத்தில் ஒரு கடல் காற்றாலைப் பண்ணையும் ஒரு எரிவாயு மின்நிலையமும் உற்பத்தியை இழந்தன. அதிர்வெண் 50இலிருந்து 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்க, தானியங்கி ரிலேக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தன. காற்றாலைப் பண்ணை விலகியதற்குக் காரணம் அதன் கட்டுப்பாட்டு அமைப்பு எழுப்பிய அலைவு. சுழலும் கனத்த ஜெனரேட்டர்கள் குறைந்து, சூரிய, காற்று மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர்கள் பெருகும் காலத்தில் இந்தத் துறைக்கு வருகிறீர்கள். இன்வெர்ட்டர் பழுதுக்குத் தரும் மின்னோட்டம், பெரும்பாலும் அதன் சாதாரண அளவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இருபது மடங்கு மின்னோட்டம் வரும் என்று நம்பி அமைக்கப்பட்ட ரிலேக்கள் அங்கே என்ன செய்யும்? அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உங்கள் தலைமுறைக்கான கேள்வி இது. கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை ஒப்புக்குப் படித்திருந்தால் மறுபடி எடுத்துப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேலை செய்யப்போகும் இடத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் துண்டிக்க வேண்டும். யாரும் மறுபடி இணைத்துவிடாதபடி பூட்ட வேண்டும். மின்சாரம் இல்லை என்று கருவியால் உறுதிப்படுத்த வேண்டும். எர்த் செய்து ஷார்ட் செய்ய வேண்டும். பக்கத்தில் மின்சாரம் இருக்கும் பாகங்களை மறைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. சோதிக்கும் கருவியை, மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓர் இடத்தில் முன்பும் பின்பும் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால் அது "இல்லை" என்றுதான் காட்டும். பொறியாளர் கையால் எதையும் தொடுவதில்லை என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் உண்டு. நீங்கள் கையெழுத்திடும் பர்மிட்டை (வேலை அனுமதிச் சீட்டை) நம்பித்தான் இன்னொருவர் கம்பியைத் தொடுகிறார். எவ்வளவு மூத்தவர் அவசரப்படுத்தினாலும் "இன்னும் சோதிக்கவில்லை" என்று சொல்லி நிற்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். ஈடாப், பிஎஸ்எஸ்இ, பவர்ஃபாக்டரி ஆகியவை நிறுவனங்களில் பயன்படுகின்றன. வேலைக்குச் சேரும் இடத்தில் எது இருக்கிறதோ அதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். உங்களிடம் இப்போது இருக்கும் நேரத்துக்கு நான் சொல்லும் வேலை வேறு. பைதான் மொழியில் நியூட்டன்-ராஃப்சன் முறையில் பவர் ஃப்ளோ கணக்கை (வலையில் எங்கே எவ்வளவு சக்தி பாய்கிறது, மின்னழுத்தம் எவ்வளவு என்பதை) நீங்களே எழுதுங்கள். நூறு இருநூறு வரிகள் போதும். ஐட்ரிபிள்இ 14 பஸ் (இணைப்பு முனை) சோதனை மாதிரியை அதில் ஓட்டுங்கள். அதே மாதிரியை இலவசமாகக் கிடைக்கும் பாண்டாபவர் என்ற பைதான் நிரல்தொகுப்பில் ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். முதல் முறை ஒத்துப்போகாது. எங்கே பிசகியது என்று தேடும் அந்த இரண்டு மூன்று நாட்களில், ரியாக்டிவ் பவர் மின்னழுத்தத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பது புரியத் தொடங்கும். அடுத்து அதே வலையில் ஒரு ஃபேஸ் பழுதை வைத்துக் கணக்கிடுங்கள். நடுவில் ஒரு டெல்டா-ஸ்டார் மின்மாற்றியைப் போட்டு, அந்த 58 விழுக்காடு உங்கள் நிரலிலும் வருகிறதா என்று பாருங்கள்.

நேர்முகத் தேர்வு நடத்தும் மேசையின் மறுபக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழைக் காட்டுபவரிடம் நான் கேட்பது, அந்த மென்பொருள் தந்த விடை தவறு என்று எப்போதாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா என்பதுதான். தானே எழுதிய நிரலைக் கொண்டுவருபவரிடம் அதைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.