டாங்கி குனிந்து பார்க்குமா?

வணக்கம் சார்,

இரண்டாம் உலகப்போர் ஆயுதங்களைப் பற்றி நண்பர்களோடு ஒரு வாக்குவாதம். ஜெர்மானியர்களின் ‘டெல்லர்மினே’ கண்ணிவெடி டாங்கியை மட்டும்தான் குறிவைத்தது, ஆள் மிதித்தால் வெடிக்காது, ஆகவே அது நேர்மையான ஆயுதம் என்றேன். யாரும் ஒப்பவில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது? அவர்கள் செய்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் சிறந்தது எது?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

டெல்லர் என்றால் ஜெர்மன் மொழியில் தட்டு, மினே என்றால் கண்ணிவெடி; வடிவம் அப்படி. நாம் சோறு தின்கிற தட்டேதான். எது சிறந்தது என்ற பட்டியலை கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘நேர்மையான ஆயுதம்’ என்று எழுதிவிட்டீர்கள். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு டென்மார்க்கின் மேற்குக் கரையில், ஸ்காலிங்கன் என்ற மணல் தீபகற்பத்தில் நடந்தது முதல் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாடுகள் மேயும் உப்புப் புல்வெளி, தாழ்ந்த மேகம், ஓயாத காற்று. போர் முடிந்தது 1945இல். ஜெர்மானியர்கள் புதைத்த கண்ணிவெடி அங்கே இனி இல்லை என்று அறிவித்தது 2012இல். உடன்வந்த டேனிஷ் நண்பர் அறுபதைத் தாண்டியவர். மணலில் துருப்பிடித்த விளிம்பு ஒன்று தெரிய, நான் குனிந்தேன். அந்த மென்மையான மனிதர் என் கையைத் தட்டிவிட்ட வேகம் இன்னும் வலிக்கிறது.

ஆள் நடந்தால் சாதாரணமாக அது வெடிக்காது, உண்மைதான். 1935 மாதிரியில் ஐந்தரை கிலோ டி.என்.டி. வெடிமருந்து; வெடிக்க அதன்மேல் ஓர் ஆளின் எடைக்கும் மேலான அழுத்தம் வேண்டும். மேலே இருந்த ஃப்யூஸ், அதாவது வெடியைத் தூண்டும் விசை, டாங்கிக்கு, சரி. பக்கவாட்டில் இன்னொரு ஃப்யூஸ் பொருத்த ஒரு துளை. அடியில் ஒரு துளை. அவை யாருக்கு? டாங்கி குனிந்து கண்ணிவெடியைத் தூக்கிப் பார்க்குமா, தம்பி? அதை எடுக்க வருகிறவன் தூக்கினாலோ இழுத்தாலோ வெடிப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே வைத்த துளைகள் அவை. வரைபடம் போட்டவன் மனதில் டாங்கியோடு இரண்டு மனிதக் கைகளும் இருந்திருக்கின்றன.

இன்னும் கேளுங்கள். 1942இல் கண்ணிவெடியை மரப்பெட்டியில் செய்தார்கள். பிறகு வந்த டோப்ஃப்மினே மரக்கூழும் தாரும் சேர்ந்தது, ஃப்யூஸ்கூட கண்ணாடி. இரும்பைத் தவிர்த்தது எதற்கு? டாங்கிக்கு இரும்பென்ன, மரமென்ன? உலோகம் தேடும் கருவியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் முன்னே நடக்கிறானே, அவனை ஏமாற்ற. கையில் பிடித்துச் செல்லும் அந்தக் கருவியை 1941இல் ஸ்காட்லாந்தில் இருந்தபடி வடிவமைத்தவர் யூசெஃப் கோசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி. காப்புரிமை கேட்கவில்லை. கிடைத்தது பிரிட்டிஷ் மன்னரின் நன்றிக் கடிதம். உங்கள் வாக்குவாதத்தில் அவர் பெயர் வந்ததா? ஜெர்மன் தளபதி ரோம்மல் பெயர் பத்துத் தடவை வந்திருக்கும்.

அதே ரோம்மல்தான் 1942இல் எகிப்தின் எல் அலமைனில் ‘சைத்தானின் தோட்டங்கள்’ போட்டார். ஏறக்குறைய ஐந்து லட்சம் கண்ணிவெடிகள், பெரும்பாலும் டாங்கி எதிர்ப்பு வகை. அவற்றை யாரும் தோண்டிவிடாமலிருக்க நடுவே ஆட்களைக் கொல்லும் வெடிகள். காவலுக்குக் காவல். அப்புறம் 1943இன் ரீகல்மினே, 80 செ.மீ. நீளத்தில் ஓர் எஃகுப் பெட்டி. உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கப் பிடிக்க, வெடிக்கத் தேவையான அழுத்தமும் குறைந்துகொண்டே வரும். வயதாக ஆக முன்கோபம் கூடும் கிழவர்களைப் போல. (என்னையும் சேர்த்து.)

1997இன் ஒட்டாவா ஒப்பந்தம் தடைசெய்தது ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத்தான். டாங்கி எதிர்ப்பு வகைக்குப் பொதுவான தடையில்லை. அதை எழுதியவர்களும் உங்களைப்போலத்தான் நினைத்தார்களோ என்னவோ.

டென்மார்க்கில் புதைந்திருந்தவை பத்து லட்சத்துக்கும் மேல். 1945 கோடையில் ஜெர்மன் சிப்பாய்களையே இறக்கி எடுக்கவைத்தார்கள். அவர்களில் மீசை முளைக்காத பையன்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நேர்மையைப் பற்றி அவர்களிடம் பேசியிருக்கலாம் நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்கிறீர்களே, அதுவே எனக்குப் பிரியம். ஆனால் நண்பர்களிடம் தோற்றதாகச் சொல்லி ஆளுக்கொரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அன்று நான் பார்த்த விளிம்பு ஏதோ டப்பாவின் மூடி. நண்பர் நெடுநேரம் நின்று பார்த்தபிறகு எடுத்தார், திரும்ப மணலில் போடவில்லை. ஊர்வரை கையிலேயே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போட்டார்.