பைபிளோடு மல்லுக்கட்டிப் பிறந்த அரசியல் – கேள்வி பதில்

கேள்வி: சார், மதத்தை ஓரங்கட்டியதால்தானே ஐரோப்பாவில் நவீன அரசியல் சிந்தனை வந்தது?

பதில்: பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸின் 'லெவியதான்' (1651) என்ற அரசியல் நூலைப் பிரித்துப் பாருங்கள். நான்கு பாகம், அதில் கடைசி இரண்டு, அதாவது ஏறக்குறைய பாதிப் புத்தகம், பைபிள் விளக்கமும் திருச்சபை அதிகாரமும்தான். பலர் இரண்டாம் பாகத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள்! தலைப்பே பைபிளின் யோபு ஆகமத்தில் வரும் கடல் பூதம். முகப்புப் படத்தில் மலைக்குப் பின்னால் ஒரு ராட்சத உருவம், உடம்பெல்லாம் குட்டிக் குட்டி மனிதர்கள், ஒரு கையில் வாள், மறு கையில் பிஷப்பின் கோல். அரசு அதிகாரம், திருச்சபை அதிகாரம் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்கிறார். ஏன் என்றால், 'ராஜாவைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படி' என்று ஆளாளுக்குப் பிரசங்கம் செய்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் 1649ல் ராஜா தலையே போயிருந்தது. பிரசங்கியின் வாயை அடைக்க பைபிளை வைத்தே வாதாடியாக வேண்டும், வேறு வழியில்லை.

கேள்வி: அப்போ அவர் நாத்திகர் இல்லையா?

பதில்: கடவுள் உண்டு, ஆனால் அவரும் பருப்பொருள்தான் என்றவர். அந்தக் காலத்தில் நாத்திகர் என்று திட்டு வாங்க அது போதும். 1683ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவர் நூலைக் கொளுத்தியது.

கேள்வி: அண்ணா, ஓட்டுரிமைக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: 1647 அக்டோபர், லண்டன் பக்கத்தில் புட்னி. அந்த உள்நாட்டுப் போரில் ராஜாவை எதிர்த்த பாராளுமன்றப் படையின் சிப்பாய்களும் அதிகாரிகளும் முதல் நாள் தேவாலயத்தில் கூடிப் பேசினார்கள். மறுநாள் காலையில் ஜெபம், அப்புறம்தான் யாருக்கு ஓட்டு என்ற சண்டை. பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போல வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ரெயின்ஸ்பரோ என்ற கர்னல் பேசியது அங்கேதான்.

கேள்வி: ஆங்கிலத் தத்துவவாதி லாக் எல்லா மதத்துக்கும் சுதந்திரம் கேட்டவர்தானே?

பதில்: எல்லாருக்கும் இல்லை. மத சகிப்புத்தன்மை பற்றி 1689ல் வந்த அவருடைய கடிதத்தில் யூதர், முஸ்லிம்களுக்குக்கூட இடம் உண்டு, நாத்திகருக்குக் கிடையாது. கடவுள் பயம் இல்லாதவன் செய்யும் சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அவர் கவலை. மக்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் மேல்தான் அரசு நிற்கிறது என்றவருக்கு, வாக்குத் தவறுகிறவன் அஸ்திவாரத்தையே அசைக்கிறவன்.

கேள்வி: டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவை விட்டுட்டீங்களே?

பதில்: விடவில்லை. 1656ல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. 1670ல் சிந்தனைச் சுதந்திரத்துக்காக எழுதிய நூலில் அவர் பெயரே கிடையாது, அச்சிட்ட ஊரும் பொய். நான்கே வருடத்தில் ஹாலந்து அதைத் தடை செய்தது, அதே ஆணையில் 'லெவியதானை'யும் சேர்த்து.