பொட்டையா, சேவலா? நாட்டுக்கோழிக் குஞ்சு: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீட்டோடு கோழி வளர்ப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, நேத்து அடையில 11 குஞ்சு பொரிச்சுது. இறக்கையை விரிச்சுப் பார்த்தா பொட்டை தெரியும்னு வீடியோல சொல்றாங்க. நிஜமா?

வீடியோவில் காட்டுவது பொய்யில்லை தம்பி, ஆனால் அது வேறு ஜாதிக் குஞ்சு. குஞ்சின் இறக்கையை விசிறி மாதிரி விரித்தால் இரண்டு வரிசை இறகுக் குருத்து தெரியும். கீழ் வரிசை பறக்கும் இறகு, மேல் வரிசை அதை மூடும் இறகு. கீழ் வரிசை நன்றாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ மேல் வரிசை நீண்டோ இருந்தால் சேவல். பொரித்த முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும்தான் இந்த வித்தியாசம் நிற்கும்.

இது பலிக்க வேண்டுமானால் தகப்பன் சீக்கிரம் இறகு முளைக்கும் வகையாகவும் தாய் மெதுவாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும். கோழியில் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோம் இசட், டபிள்யூ என இரண்டு வகை: சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் ஒற்றை இசட் மகனுக்குத்தான் போகும். மகளுக்குத் தகப்பனின் இசட் மட்டும். இறகு முளைக்கும் வேகம் இந்த இசட்டில் இருப்பதால் மகன்கள் தாயைப் போல மெதுவாகவும், மகள்கள் தகப்பனைப் போல வேகமாகவும் வருவார்கள். கம்பெனிக் குஞ்சில் பெற்றோரை அப்படித் தேர்ந்தெடுத்து இணை சேர்க்கிறார்கள். நம் வாசலில் மேயும் கோழியில் அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் உங்கள் 11 குஞ்சில் நீங்கள் பார்ப்பது எது சீக்கிரம் முளைக்கிறது, எது தாமதம் என்பதை மட்டுமே.

ஆம்பூரிலிருந்து: பொரிப்பகத்துல பின்பக்கம் அமுக்கிப் பார்த்துப் பிரிக்கிறாங்களே சார், அதை வீட்ல செய்யலாமா?

செய்யாதீர்கள். ஜப்பானியர் கண்டுபிடித்து, 1930களில் உலகம் முழுக்கப் பரவிய முறை அது. குஞ்சை இடது கையில் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை லேசாக அழுத்தி முதலில் எச்சத்தை வெளியேற்றுவார்கள். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எச்சத் துவாரத்தை மலர்த்தி, பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில் உள்மடிப்பின் நடுவே பார்ப்பார்கள். குண்டூசித் தலை அளவுக்கு உருண்டு, பளபளப்பாக, விரல் பட்டாலும் அமுங்காத மணி இருந்தால் சேவல். தட்டையாக இருந்தாலோ, இருப்பது அமுங்கி மறைந்தாலோ பெட்டை.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? தொல்லை என்னவென்றால் பல பெட்டைக் குஞ்சுகளுக்கும் சின்ன மணி இருக்கும், சில சேவலுக்கு அது தட்டையாக இருக்கும். இந்த நடுவாந்தரக் குஞ்சுகளைப் பிரிக்கத்தான் பயிற்சி. தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை பார்த்துவிடுவார்கள். பழகாத கை கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் வயிற்றுக்குள் இன்னும் கரையாத மஞ்சள் கரு உடையும். குஞ்சு அப்போது நடக்கும், மறுநாள் செத்துக் கிடக்கும். ஒரு நாள் தாண்டிவிட்டால் மணியும் சுருங்கிவிடும், பார்த்தும் பயனில்லை.

குடியாத்தத்திலிருந்து: சிரசுத் திருவிழாவுல கலர்க் குஞ்சு 6 வாங்கினோம். பொழைச்ச மூணும் சேவல். ஏன்?

முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டைக் குஞ்சு மட்டும் போதும். கழித்துவிட்ட சேவல் குஞ்சுகளுக்குத்தான் பெரும்பாலும் சாயம் போட்டு விற்கிறார்கள். அதில் பெட்டை வந்தால் அதிசயம்.

அணைக்கட்டிலிருந்து: கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டைன்னு எங்க அத்தை பிரிச்சுத்தான் அடை வைப்பாங்க. இன்குபேட்டர்ல சூட்டைக் குறைச்சா பெட்டை கூடும்ங்கறதும் உண்மையா?

இரண்டும் இல்லை. முட்டையின் வடிவம் அந்தக் கோழியின் கருக்குழாயைப் பொறுத்தது. ஒரே கோழி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இடும். ஓடு உருவாகும் முன்பே பாலினம் முடிவாகிவிடும், முடிவு செய்வது தாயின் குரோமோசோம். சூட்டால் பாலினம் மாறுவது ஆமையிலும் முதலையிலும் உண்டு, கோழியில் இல்லை. 37.5 டிகிரியை விட்டு இறக்கினால் பொரிப்பு தள்ளிப்போகும், கருவிலேயே சாவும் கூடும்.

அத்தையின் கணக்கு சில சமயம் சரியாக வருவதற்குக் காரணம் உண்டு. 10 குஞ்சில் 7 அல்லது அதற்கு மேல் சேவலாக வருவது, சும்மா விட்டாலே ஏறக்குறைய ஆறு அடைக்கு ஒரு அடையில் நடக்கும். பெட்டை அதிகமாக வருவதும் அப்படியே. நினைவில் நிற்பது அந்த அடை மட்டும்.

ஆற்காட்டிலிருந்து: அப்போ எத்தனை வாரத்துல எதை வச்சுச் சொல்றது?

ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். தனிக் குஞ்சைப் பார்த்துச் சொல்வது குருட்டு ஜோசியம். 5, 6 வாரத்தில் சேவலின் கொண்டை அகலமாகி ரோஸ் நிறம் ஏறும். பெட்டையில் வெளிர் மஞ்சளாகச் சின்னதாகவே இருக்கும். சேவலின் கால் தடிமனாகவும், வால் முளைப்பு குட்டையாகவும் தெரியும். இந்த வயதில் சந்தேகப்பட்டதற்குக் காலில் நூல் கட்டி வையுங்கள், 8 வாரத்தில் மறுபடி பாருங்கள். நூலை வாரம் ஒருமுறை தளர்த்த வேண்டும், மறந்தால் காலை அறுத்துவிடும்.

உறுதியான அடையாளம் 10 முதல் 12 வாரத்தில் வரும். வாலுக்கு முன்னால் இடுப்புப் பக்கத்து இறகை விரலால் விலக்கி, புதிதாக முளைப்பதைப் பாருங்கள். வேப்பிலை நுனி மாதிரி ஒடுங்கிக் கூராக, பளபளப்பாக இருந்தால் சேவல். புளிய இலை மாதிரி முனை மழுங்கி உருண்டிருந்தால் பெட்டை. கழுத்து இறகை நம்பாதீர்கள், அது பெட்டைக்கும் கொஞ்சம் கூராக வரும்.

வாணியம்பாடியிலிருந்து: எங்களுது பெருவிடை, கொண்டையே சரியா இல்ல. கடக்நாத்தும் 8 இருக்கு.

பெருவிடை என்ற சண்டைக்கோழி ஜாதிக்குப் பட்டாணிக் கொண்டை. மூன்று வரிசை மேடாகத் தலையோடு ஒட்டியே வளரும். உயரத்தைப் பார்க்காமல் நடு வரிசையின் அகலத்தையும் சிவப்பையும் பாருங்கள். மெதுவாக வளரும் ஜாதி, எனவே இரண்டு வாரம் கூடுதலாகப் பொறுக்கலாம். குஞ்சிலேயே சண்டை போடுகிறது, அதனால் சேவல் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த ஜாதியில் பெட்டையும் முட்டி மோதும். கடக்நாத் என்ற கருங்கோழி ஜாதியில் கொண்டை கறுப்பு, நிறம் உதவாது, அளவுதான் கணக்கு. இரண்டிலும் கடைசித் தீர்ப்பு இடுப்பு இறகுதான்.

பள்ளிகொண்டாவிலிருந்து: செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில ரெண்டு மாசக் குஞ்சு வாங்கணும். எல்லாம் விடைக்கோழி, அதாவது இளம் பொட்டைன்னு சொல்றாங்க, எப்படி நம்பறது?

கூடையில் எல்லாம் ஒரே வயதா என்று முதலில் பாருங்கள். மூத்த பெட்டையோடு இளைய சேவலைக் கலந்தால் இரண்டின் கொண்டையும் ஒரே அளவாகத் தெரியும், ஒப்பீடு அங்கேயே கெட்டது. உடம்பு சிறுத்தும் கொண்டை மட்டும் பெரிதாக, சிவந்தும் இருப்பதை ஒதுக்குங்கள். கூடைக்குள் வைத்துப் பார்க்காமல் தரையில் விட்டு நிற்க வையுங்கள்: நெஞ்சை நிமிர்த்திக் கால் அகட்டி நிற்பது பெரும்பாலும் சேவல். முடிந்தால் மூன்று மாதக் கோழியாக வாங்குங்கள். விலை கூடும், ஆனால் பாதி சேவலாகப் போகும் நஷ்டத்தை விட அது குறைவு.

சோளிங்கரிலிருந்து: பொரிச்ச அன்னிக்கே நிறத்தை வச்சுத் தெரியற மாதிரி ஜோடி சேர்க்க முடியுமா அண்ணா?

முடியும். ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு ஜாதிச் சேவலை, பிளைமவுத் ராக் என்ற ஜாதியில் வரி போட்ட பெட்டையோடு விடுங்கள். குஞ்சுகள் கறுப்பாகப் பொரிக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருப்பது சேவல், இல்லாதது பெட்டை. மேலே சொன்ன தாயின் ஒற்றை இசட் கணக்குதான் இதுவும். ஜோடியை மாற்றிவிட்டால், அதாவது வரிச் சேவலோடு சிவப்புப் பெட்டை என்றால், எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வரும், ஒன்றும் தெரியாது. இந்தக் குஞ்சுகளையே வளர்த்து அடுத்த தலைமுறை எடுத்தாலும் இந்த வசதி போய்விடும். வேறு சேவல் கூட்டத்தில் இருந்திருந்தால், அதை விலக்கி மூன்று வாரம் கழித்துத்தான் முட்டை சேர்க்க வேண்டும். பெட்டை உடம்பில் பழைய விந்து அவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்.

ஆரணியிலிருந்து: காடைக்கும் கின்னிக்கோழிக்கும் இதே அடையாளம்தானா?

இல்லை. ஜப்பானியக் காடையில் 3 வாரத்திலேயே நெஞ்சு இறகு சொல்லிவிடும்: செம்பழுப்பாக ஒரே நிறம் ஆண், கறும்புள்ளி தெளித்தது பெண். வெள்ளைக் காடையில் இது பலிக்காது. கின்னியில் கண்ணை மூடிக் காதைத் திறங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இரட்டை ஒலியாகக் கூப்பிடுவது பெட்டை மட்டும். ஒற்றை ஒலியை இரண்டும் எழுப்பும்.

வாலாஜாவிலிருந்து: ரெண்டு வருஷமா முட்டை வச்ச கோழி இப்போ கூவுது. குடும்பத்துக்கு ஆகாதுன்னு அறுக்கச் சொல்றாங்க.

கோழிக்கு இடது சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது நோயில் கெட்டால் பெண் ஹார்மோன் குறைந்து, கொண்டை பெருத்து, சேவல் இறகு முளைத்து, கூவவும் செய்யும். குரோமோசோம் பெட்டைதான். முட்டை நின்றிருந்தால் இனி எதிர்பார்க்காதீர்கள். அறுப்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம், குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.