தோட்டம் கேளுங்க: பூத்துக் கொட்டும் நெல்லி

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பின்னால் ஒரு பெருநெல்லிக் கன்று வைத்தோம், இப்போது மாடி உயரம் வந்துவிட்டது. பூ பூவாகப் பூக்கிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது, ஒரு காய் கண்ணில் படவில்லை. மலட்டு மரம், வெட்டிப் போடு என்கிறார் மாமியார். வெட்டிவிடலாமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வெட்டாதீங்கம்மா. பூக்கிற மரம் எப்படி மலடாகும்? அதற்குத் துணை இல்லை, அவ்வளவுதான். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கிளையில்தான் இருக்கும், ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது ரொம்பக் குறைவு, பக்கத்தில் வேறு ரக நெல்லி ஒன்று பூத்தால்தான் காய் பிடிக்கும். நீங்கள் கூட்டித் தள்ளுகிற பூவில் பெரும்பாலும் ஆண் பூ, அது கொட்டத்தான் கொட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உங்கள் வீட்டில் இன்னொரு மரத்துக்கு இடம் இருக்காது (நம்ம பக்கம் வீடுகள் எனக்குத் தெரியாதா). பக்கத்து வீட்டில் இடம் இருந்தால் ஒரு ஒட்டுக்கன்று வாங்கிக் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், காய்த்தால் இரண்டு வீட்டுக்கும் ஊறுகாய். என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா, பவானிசாகரில் வெளியிட்ட பி.எஸ்.ஆர்.1 என்று எது கிடைத்தாலும் சரி, ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும். மாதவரத்தில் இருக்கும் தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால், ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரர் ஒருவரைப் பிடித்து உங்கள் மரத்தின் ஒரு கிளையிலேயே வேறு ரகத்தின் மொட்டை ஒட்டச் சொல்லுங்கள், ஒரே மரத்தில் இரண்டு ரகம் ஆகிவிடும். நான் இதைத்தான் செய்வேன். அப்புறம் ஒன்று, பூக்கிற நேரத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகாதீர்கள், அந்தச் சமயம் தண்ணீர் அதிகமானால் பூ இன்னும் கொட்டும்.

கேள்வி: மொட்டை மாடியில் நெல்லி வளருமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு.
வாசகர், திருவொற்றியூர்

பதில்: பெருநெல்லிக்கு ஆசைப்படாதீர்கள் தம்பி, தோட்டத்தில் மரத்துக்கு மரம் இருபது அடி விட்டு நடுகிற சாமான் அது. மாடிக்கு அரைநெல்லிதான். தனி மரமாகவே காய்க்கும், துணை தேட வேண்டாம். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். நனைந்த மண்ணோடு அது நூறு கிலோவைத் தாண்டும், அதனால் மாடி நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

உப்புத்தான் உங்கள் ஊரில் பெரிய விஷயம். தரையில் நட்ட நெல்லி ஓரளவு உப்பைத் தாங்கும், மழை வந்து கழுவி விட்டுவிடும். டிரம்மில் அது போக வழியில்லாமல் தங்கிக்கொண்டே வரும், ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினில் கழிகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று நானும் ஒரு கோடை முழுக்க அரைநெல்லிக்கு ஊற்றினேன், இலை நுனி கருகி, அப்புறம் குச்சி மட்டும்தான் மிச்சம். அது போர் தண்ணீரைவிட உப்பு அதிகம் என்பது அப்போது உறைக்கவில்லை. லாரித் தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரோ ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரம்மைத் திறந்த வெளியில் விட்டு, அடி ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் சேர்ந்த உப்பு நிறையக் கரைந்து போய்விடும்.

கேள்வி: நெல்லியை எப்போது பறிப்பது? பையன்கள் உலுக்கித்தான் எடுக்கிறார்கள்.
வாசகி, வியாசர்பாடி

பதில்: உலுக்கினால் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட கதைதான், விழுந்ததில் பாதி அடிபட்டு மறுநாளே பழுப்பாகும். அரைநெல்லி பச்சை வெளுத்து இளமஞ்சளாக வரும்போது கொத்துக் கொத்தாகக் கையால் எடுங்கள், கீழே ஒரு பழைய புடவையைக் கட்டிவிட்டால் உதிர்கிறதும் வீணாகாது. பெருநெல்லி என்றால் ஒன்றைப் பறித்து உடைத்துப் பாருங்கள். விதை வெளுப்பாக இருந்தால் பொறுங்கள், கருப்பாகிவிட்டால் முற்றிவிட்டது. பறித்த பிறகு பழுக்கும் என்று அரிசிப் பானையில் போட்டு வைக்காதீர்கள், இது மாம்பழம் இல்லை. முற்றியதுகூட மரத்திலேயே கொஞ்ச நாள் நிற்கும், அவசரம் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் ‘கூஸ்பெரி’ விதை விற்கிறார்களே, அது நம்ம நெல்லியா?
வாசகர், பெரம்பூர்

பதில்: இல்லை. வெளிநாட்டுக் கூஸ்பெரி முள் உள்ள செடி, நல்ல குளிர்காலம் இருந்தால்தான் காய்க்கும், பெரம்பூர் வெயிலில் பிழைக்காது. ‘கேப் கூஸ்பெரி’ என்று போட்டிருந்தால் அதுவும் நெல்லி இல்லை, தக்காளிக் குடும்பம். காகிதக் கூடு மாதிரி உறைக்குள் மஞ்சள் பழம் இருக்கும். காலி மனையில் தானாக முளைக்கிற சொடக்குத் தக்காளியைப் பார்த்திருப்பீர்களே, அதன் அக்கா. வாங்குவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.